முதுகுத்தண்டு அடிபட்ட பிறகு வரும் வலிக்குக் கரண்ட் வைப்பது எப்படி: கொளத்தூரிலிருந்து ஓர் அனுபவம்

2017 அக்டோபரில் ஒரு சாயங்காலம், மழை தூற ஆரம்பித்ததும் காயப்போட்ட துணியை எடுக்க மொட்டை மாடிக்கு ஓடினேன். கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டாத பக்கத்தில் கால் வழுக்கியது. முதுகெலும்பில், விலா எலும்பு சேரும் வரிசையில் பதினோராவதான டி11 எலும்பு நொறுங்கி, முதுகில் ராடும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. தொட்டால் தெரிவதும் வலது தொடையின் மேல்பக்கம் மட்டும், அதுவும் மங்கலாக.

"காலில் உணர்ச்சியே இல்லையே, அப்புறம் எப்படிம்மா வலிக்கும்?" என்று பார்க்க வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள். வலிக்கிறது. ஒன்பது வருஷமாக வலிக்கிறது. மாத்திரை சாப்பிட்டும் மிச்சம் இருக்கிற வலிக்கு, நான்கு வருஷமாக டென்ஸ் என்கிற, தோலில் பசை பேட் ஒட்டி லேசாகக் கரண்ட் கொடுக்கும் சின்ன மெஷினால் கரண்ட் வைத்துக்கொள்கிறேன். அது எந்த வலியைக் குறைக்கும், எதைத் தொடவே தொடாது, எங்கே ஒட்டினால் ஆபத்து என்று எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. தப்பாக வைத்துப் புண்ணாக்கிக்கொண்டுதான் தெரிந்துகொண்டேன். என்னைப் போல அடிபட்டவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, வீட்டிலிருந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு போடுகிறவள். அதனால் இதைப் படித்துவிட்டு நேராகக் கடைக்குப் போகாமல், உங்கள் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ ஒரு தடவை காட்டிக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலில் வலியைப் பிரித்துப் பாருங்கள்

மெஷினை விட இதுதான் முக்கியம். ஆரம்பத்தில் டாக்டர் கேட்டால் "உடம்பெல்லாம் வலிக்குது டாக்டர்" என்றுதான் சொல்வேன். அப்படிச் சொன்னால் அவராலும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கத்தான் முடியும். மறுவாழ்வுப் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பிசியோ அக்கா ஒருநாள் ஒரு வெள்ளைத்தாளில் மனித உருவம் வரைந்து, "எங்கே, எப்படி வலிக்குதுன்னு தமிழ்லயே எழுதும்மா, நம்ம பாஷையில வலிக்கு எத்தனை வார்த்தை இருக்கு" என்றார்.

உண்மைதான். கடுப்பு, உளைச்சல், குடைச்சல், குத்தல், எரிச்சல், தெறிப்பு, இறுக்கம், மதமதப்பு, சுருக்கென்று இழுப்பது, விண்விண்ணென்று தெறிப்பது. ஒவ்வொன்றும் வேறு வலி. அந்தத் தாளை நிரப்பியபோது எனக்கு மூன்று வலி இருப்பது தெரிந்தது.

ஒன்று, வலது தோள்பட்டையில் கடுப்பு. சக்கர நாற்காலியைத் தள்ளுவதும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து ஆட்டோவுக்கும் கையூன்றி மாறுவதும் தோளைத் தேய்க்கின்றன. இது தசையும் மூட்டும் சேர்ந்த வலி, கை ஓய்ந்தால் குறையும்.

இரண்டாவது, அடிபட்ட மட்டத்தில் வயிற்றைச் சுற்றி ஓர் இறுக்கம். பாவாடை நாடாவை யாரோ முழு பலத்தோடு இழுத்து முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். இது நரம்பு வலி. காயத்தின் மட்டத்திலேயே வருவது.

மூன்றாவது, இரண்டு பாதத்திலும் எரிச்சல். மே மாத மத்தியானம் மெரினா மணலில் செருப்பில்லாமல் நிற்கிற சூடு, நகரவே முடியாமல் நிற்கிற சூடு. இதுவும் நரம்பு வலிதான். ஆனால் காயத்துக்குக் கீழே, உணர்ச்சி இல்லாத இடத்தில் வருவது. பாதத்தில் ஒன்றுமே இல்லை. கீழேயிருந்து வர வேண்டிய செய்தி நின்றுபோனதால் தண்டுவடத்தின் மேல்பகுதியும் மூளையும் தாமாகவே கிளப்பும் வலி அது என்று டாக்டர் விளக்கினார்.

பொதுவாக எரிச்சல், ஷாக் அடிப்பது, ஊசி குத்துவது, சும்மா துணி பட்டாலே தாங்க முடியாமல் போவது எல்லாம் நரம்பு வலியின் பாஷை. கடுப்பும் உளைச்சலும் பெரும்பாலும் தசை, மூட்டின் பாஷை. உங்கள் தாளை நீங்கள் நிரப்புங்கள். இந்த மூன்று வலிக்கும் கரண்ட் ஒரே மாதிரி வேலை செய்யாது.

கரண்ட் உள்ளே என்ன செய்கிறது

கால் கட்டிலில் இடித்துக்கொண்டால் உடனே கை தானாகப் போய்த் தேய்த்துவிடும், வலி கொஞ்சம் அடங்கும். ஏன் அடங்குகிறது என்பதற்கு 1965-இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தொடுதலைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடிமனானவை, வேகமானவை. வலியைக் கொண்டுபோகிறவை மெல்லியவை, மெதுவானவை. இரண்டும் தண்டுவடத்தில் ஒரு வாசலில் வந்து சேர்கின்றன. தொடுதல் செய்தி நிறைய வந்தால் வாசல் குறுகி, வலிச் செய்தி குறைவாகவே மேலே போகிறது. டென்ஸ் மெஷின் அந்தத் தடிமனான இழைகளை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. அத்துடன் உடம்பு தானே சுரக்கும் வலி நிவாரணிகளையும் அது தூண்டிவிடுகிறது.

இந்த யோசனை புதிது இல்லை. கிட்டத்தட்ட 2,000 வருஷத்துக்கு முன்னால் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய வைத்தியர், கீல்வாதத்துக்கும் தலைவலிக்கும் மின்சாரம் பாய்ச்சும் கடல் திருக்கையை வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் வண்ணமீன் கடைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இப்போது வாசல் கதையில் கவனிக்க வேண்டிய இடம். தொடுதல் செய்தி வாசல் வரை போய்ச் சேர்ந்தால்தான் இது நடக்கும். கம்பி அறுந்த இடத்துக்குக் கீழே கரண்ட் வைத்தால் அது போய்ச்சேர வழியில்லை. வலி பாதத்தில் என்று பாதத்தில் ஒட்டுவதால், என்னைப் போல உணர்ச்சி இல்லாதவர்களுக்குப் பெரிதாகப் பயன் கிடையாது, ஆபத்து உண்டு. தொட்டால் தெரிகிற தோலில்தான் ஒட்ட வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இந்த வரியாக இருக்கட்டும்.

என் அனுபவத்தில் தோள்கடுப்புக்கு டென்ஸ் நன்றாகக் கேட்கிறது. நாடா இறுக்கத்துக்குப் பாதிக்குப் பாதி. பாத எரிச்சலுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. முதுகுத்தண்டு வலியில் டென்ஸ் பற்றி வந்த ஆய்வுகளும் சின்னச் சின்ன ஆய்வுகள்தான், எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் செலவு குறைவு, சரியாக வைத்தால் பக்கவிளைவும் குறைவு. அதனால் முயன்று பார்க்கலாம் என்பது என் தீர்மானம்.

யார் வைக்கக் கூடாது, எப்போது வைக்கக் கூடாது

பேஸ்மேக்கர் அல்லது உடம்புக்குள் வேறு மின்கருவி இருந்தால் கூடாது. கர்ப்பமாக இருந்தால் வயிற்றிலும் இடுப்பிலும் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், புற்றுநோய் இருக்கும் இடம், காலில் ரத்தம் உறைந்து வீங்கியிருப்பவர்கள், வயிற்றில் பேக்லோஃபென் பம்ப் (தசை விறைப்புக்கு மருந்து செலுத்தும் கருவி) வைத்திருப்பவர்கள் டாக்டர் சம்மதம் இல்லாமல் தொடவே வேண்டாம். கழுத்தின் முன்பக்கம், கண், தலை, நெஞ்சுக்குக் குறுக்கே, புண், படுக்கைப்புண் ஆறிய மெல்லிய தோல் எதிலும் ஒட்டக் கூடாது. எனக்கு முதுகில் இருக்கும் ராடைப் பற்றியும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்ட பிறகே முதுகுப் பக்கம் வைத்தேன்.

காயம் டி6 அல்லது அதற்கு மேல், அதாவது நெஞ்சு மேல்பகுதியிலோ கழுத்திலோ என்றால் இன்னொரு பெரிய எச்சரிக்கை. காயத்துக்குக் கீழே உடம்பை உறுத்தும் எதுவும் ரத்த அழுத்தத்தைத் திடீரென்று தூக்கிவிடும். யூரின் பை அடைப்பு, மலச்சிக்கல், இறுக்கிய பெல்ட் போலவே கரண்ட்டும் அதைக் கிளப்பலாம். தலை வெடிக்கிற மாதிரி வலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வேர்த்து ஊற்றுவது, மூக்கடைப்பு இதெல்லாம் அடையாளம். என்னோடு பயிற்சியில் இருந்த, கழுத்தில் அடிபட்ட ஓர் அண்ணனுக்கு இப்படி வந்ததை நேரில் பார்த்தேன். மெஷினை உடனே நிறுத்தி, ஆளை நிமிர்த்தி உட்காரவைத்து, துணியைத் தளர்த்தி, யூரின் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்கவில்லை என்றால் 108-க்கு அடித்துவிடுங்கள். இவர்களுக்குச் சாதாரண நாளில் பிரஷர் 100-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். அதனால் 140 என்பது மற்றவர்களுக்கு எப்படியோ, இவர்களுக்கு அவசரம். ஆம்புலன்ஸில் வருகிறவரிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 0 முதல் 10-க்குள் மார்க் போட்டால் எல்லா நாளும் 5-இல் இருக்கும் வலி திடீரென்று 8-க்குப் போனால் முதலில் மெஷினை எடுக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத உடம்பு, கீழே ஏதோ கெட்டுப்போயிருப்பதை நரம்பு வலியாகத்தான் சொல்லும். யூரின் கலங்கியிருக்கிறதா, நாற்றம் இருக்கிறதா, மோஷன் போய் எத்தனை நாள், கால்விரல் நகம் சதைக்குள் வளர்ந்திருக்கிறதா, புட்டத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குப் பாத எரிச்சல் கூடிய பாதி நேரம் யூரினில் கிருமிதான். புதிதாக வலி வந்து, முன்பு தெரிந்த இடத்தில் உணர்ச்சி மேல்நோக்கிக் குறைந்துகொண்டே போனாலோ, கையில் பலம் குறைந்தாலோ, அது தண்டுவடத்துக்குள் நீர்ப்பை உருவாவதாக இருக்கலாம். தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்த்து எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள்.

வாங்கும்போது

வாங்குவதற்கு முன் பிசியோதெரபி பிரிவில் நான்கைந்து தடவை வைத்துப் பாருங்கள். சென்னையில் கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இதற்கென்றே இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனைகளில் பி.எம்.ஆர். என்று மறுவாழ்வு மருத்துவத்துக்குத் தனித் துறையும் உண்டு. அங்கே பிசியோவிடம் "டென்ஸ் வைத்துப் பார்க்கலாமா, எங்கே ஒட்ட வேண்டும், மார்க் போட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அவர் பேனாவால் போட்ட மார்க்கை அம்மா செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் எங்களுக்கு அதுதான் வரைபடம்.

பிசியோ சென்டரில் "கரண்ட் வைக்கிறோம்" என்று சொன்னால் அது டென்ஸாக இருக்கலாம், ஐ.எஃப்.டி. என்கிற இன்னொரு வகை வலி நிவாரணக் கரண்ட்டாக இருக்கலாம், தசையைச் சுருக்க வைக்கும் ஸ்டிமுலேட்டராகவும் இருக்கலாம். எது என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தசை ஸ்டிமுலேட்டர் வேறு வேலைக்கு. கால் விறைப்பு உள்ளவர்களுக்கு அது வெட்டியிழுப்பைக் கிளப்பிவிடும். நான் முதலில் வாங்கிய மெஷினில் இரண்டும் சேர்ந்திருந்தது, தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு விளக்கத்தாள் கூடக் கிடையாது. கடைக்காரரிடம் கேட்டதற்கு "எல்லா பட்டனும் ஒண்ணுதான் மேடம்" என்றார். ஒரு மாதம் தப்பான பட்டனில் வைத்திருந்தேன். அவர் மேல் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது.

இரண்டு சேனல், அதாவது நான்கு பேட் போடக்கூடியது, ஹெர்ட்ஸையும் பல்ஸ் அகலத்தையும் (என்ன என்று பின்னால் சொல்கிறேன்) தனித்தனியாக மாற்றக்கூடியது, பேட்டரியில் ஓடுவது என்று கேட்டு வாங்குங்கள். எண்ணே காட்டாமல் பொம்மைப் படம் மட்டும் காட்டும் மெஷின் வேண்டாம். இப்போது என்னிடம் இருக்கும் மெஷினை 2,800 ரூபாய்க்கு வாங்கினேன். கை விரல் பலவீனமானவர்கள் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள், தானே நிறுத்த முடிவது முக்கியம். சார்ஜில் போட்டுக்கொண்டே வைக்காதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் படித்த என் தம்பி, "அக்கா, ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கினா ஐநூறு ரூபாய்ல நானே பண்ணித் தர்றேன்" என்றான். பாசத்தில் சொன்னான், ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு கரண்ட் போகிறது என்று என் தோலுக்கே தெரியாத உடம்பில் சோதனை செய்ய இடமில்லை.

ஒட்டும் விதம்

ஒட்டும் இடத்தை முதலில் சோதியுங்கள். பஞ்சால் தொட்டால் தெரிகிறதா? ஃபிரிட்ஜில் வைத்த ஸ்பூனையும் சாதாரண ஸ்பூனையும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்ல முடிகிறதா? இரண்டும் முடிந்தால்தான் அங்கே பேட். லேசாகத் தொட்டாலே எரிகிற தோல் என்றால் அதன் மேல் வேண்டாம், பக்கத்தில் நல்ல தோலில் ஒட்டுங்கள்.

அப்புறம் தோலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். நம் வீடுகளில் இதில்தான் சிக்கல். தோள் வலி என்றதும் அம்மா தைலம் தேய்த்துவிடுவார், குளித்ததும் தேங்காய் எண்ணெய், வேர்க்குருவுக்குப் பவுடர். இவற்றில் எது இருந்தாலும் பேட் சரியாக ஒட்டாது. ஒட்டாத பேட்டில் கரண்ட் ஒரு மூலையில் மட்டும் குவிந்து பாயும், தோல் பொசுங்கும். தைலம் தேய்த்த சூட்டோடு பேட் ஒட்டினால் எரிச்சல் இரண்டு மடங்கு. தைலத்தை மெஷின் வைத்து முடித்து இரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவுக்கும் எனக்கும் ஒப்பந்தம்.

தோளுக்கு, வலிக்கிற இடத்தை நடுவில் விட்டு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பேட்டுக்கும் பேட்டுக்கும் இடையே குறைந்தது மூன்று விரல் இடைவெளி. நாடா இறுக்கத்துக்கு நான்கு பேட். முதுகெலும்பின் மேல் ஒட்டாமல் இரண்டு பக்கமும் இரண்டு விரல் தள்ளி, உணர்ச்சி முழுதாக இருக்கும் மட்டத்தில், அதாவது இறுக்கம் தொடங்கும் கோட்டுக்குச் சற்று மேலே. வலது பக்கத்துக்கு ஒரு சேனல், இடது பக்கத்துக்கு ஒன்று. என்னால் முதுகுக்குக் கை எட்டாது, அம்மாதான் ஒட்டுவார். அப்போது நாற்காலியில் சாய்ந்து உட்கார மாட்டேன். பேட்டும் ஒயரும் முதுகில் அழுந்தினால் அதுவே புண்ணாகும். ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான்.

வேர்வை நம் ஊரின் பெரிய எதிரி. அக்னி நட்சத்திர நாட்களில் மத்தியானம் வைக்கவே மாட்டேன். காலையில் ஆறு மணிக்கு, இல்லாவிட்டால் ராத்திரி ஃபேனுக்குக் கீழே. பேட்டின் ஓரம் தூக்கிக்கொண்டால் உடனே நிறுத்திவிட்டுச் சரிசெய்ய வேண்டும். முடிந்ததும் பசைப்பக்கத்தில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவி, பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, காற்றுப் புகாத கவரில் போட்டுவிடுங்கள். 20, 25 தடவைக்கு மேல் ஒரு பேட்டை இழுக்காதீர்கள். காசு மிச்சம் பிடிக்க நினைத்து நான் பட்டது அடுத்து.

2022 கோடையில் பாத எரிச்சல் தாங்க முடியாமல், யாரையும் கேட்காமல் இடது தொடையில் பேட் ஒட்டினேன். பழைய பேட். ஒன்றும் தெரியவில்லையே என்று கரண்ட்டின் பலத்தை ஏற்றிக்கொண்டே போனேன். தெரியாது, அங்கே உணர்ச்சி இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே கணக்கு வேலை பார்த்தேன். பேட் வேர்வையில் பாதி கழன்றிருந்தது. எடுத்தபோது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து, மறுநாள் கொப்பளித்தது. அது ஆற ஏழு வாரம் ஆனது. ரத்த ஓட்டம் குறைந்த காலில் எதுவும் சீக்கிரம் ஆறாது. அந்த ஏழு வாரமும் அம்மா தினமும் கட்டு மாற்றினார்.

அதிலிருந்து, வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒட்டிய இடத்தை டார்ச் அடித்துப் பார்ப்பது எங்கள் வீட்டுச் சட்டம். லேசான சிவப்பு அரைமணியில் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் அந்த இடத்துக்கு ஒரு வாரம் லீவு.

எண்களை எப்படி வைப்பது

ஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடிக்கு எத்தனை தட்டு. பல்ஸ் அகலம் என்பது ஒரு தட்டு எவ்வளவு நேரம், அதை மைக்ரோசெகண்டில் சொல்வார்கள். ஆரம்பிக்க 80 முதல் 100 ஹெர்ட்ஸ், 100 மைக்ரோசெகண்ட் சரி. பேட் ஒட்டும்போது மெஷின் ஆஃபில் இருக்கட்டும், கரண்ட்டின் பலத்தைக் காட்டும் எண் பூஜ்யத்தில் இருக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அதோடு நிறுத்திவிட்டு "பிரயோஜனம் இல்லை" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். இன்னும் ஏற்றினால் பலமான துடிப்பாகும், ஆனால் வலிக்காது. அந்த எல்லைதான் வேண்டும். தசை இழுத்தாலோ குத்தினாலோ ஒரு படி இறக்குங்கள். பத்து நிமிஷத்தில் துடிப்பு மங்கியது போலத் தெரியும், உடம்பு பழகிவிடுகிறது. ஒரு படி ஏற்றலாம்.

முதல் நாள் 20 நிமிஷம் போதும். தோல் ஒத்துக்கொண்டால் 30, பிறகு 45. நாளைக்கு இரண்டு மூன்று தடவை. நிவாரணம் பெரும்பாலும் மெஷின் ஓடும்போதும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரமும்தான். அதனால் எந்த வேலைக்கு வலி குறைய வேண்டும் என்று பார்த்து நேரத்தை வையுங்கள். நான் தோளுக்குக் காலையில், குளிக்கப் போவதற்கு முன் வைக்கிறேன், ஏனென்றால் அப்போதுதான் கையூன்றி மாறும் வேலை அதிகம். இறுக்கத்துக்கு ராத்திரி ஒன்பதரைக்கு. தூங்கும்போது ஓடவிடக் கூடாது. பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் போகும்போதும் கூடாது.

குறைந்த ஹெர்ட்ஸில், 2 முதல் 4 வரை, தசை கண்ணுக்குத் தெரியத் துடிக்கிற அளவுக்கு வைக்கும் முறையும் உண்டு. தோளுக்கு அது சில நாள் நல்ல பலன் தருகிறது. முதுகில் வைத்தபோது கால் விறைத்து இழுத்தது, விட்டுவிட்டேன். மாதக்கணக்கில் ஒரே எண்ணில் வைத்தாலும் பலன் தேய்ந்துபோகும். மெஷினில் தானே ஏற்றி இறக்கும் முறை இருந்தால் நடுநடுவே அதற்கு மாறுங்கள்.

நோட்டு

எனக்குக் கணக்கு எழுதிப் பழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, நேரம், எந்த வலி, பேட் எங்கே, எண்கள், வைப்பதற்கு முன் வலி 0 முதல் 10-க்குள் எவ்வளவு, முடிந்ததும் எவ்வளவு, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு. ஓரத்தில் தூக்கம், மோஷன், யூரின், மழை. ஒரே அமைப்பை இரண்டு வாரம் மாற்றாமல் எழுதுங்கள். இரண்டு புள்ளியோ மூன்றில் ஒரு பங்கோ குறைந்தால் அது நிஜமான குறைவு என்று வலி டாக்டர்களும் எடுத்துக்கொள்கிறார்கள். என் நோட்டில் தோள் 6-லிருந்து 3, இறுக்கம் 7-லிருந்து 5, பாதம் 8-லிருந்து 8. இந்த நோட்டைக் காட்டிய அன்றைக்குத்தான் டாக்டர் பாதத்துக்கு வேறு வழி பேச ஆரம்பித்தார். மாத்திரையையும் நோட்டை வைத்து அவரேதான் குறைத்தார். பிரிகாபலின், கபாபென்டின் போன்ற நரம்பு வலி மாத்திரைகளை மெஷின் வந்துவிட்டது என்று நீங்களாக ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்.

பாத எரிச்சலுக்கு வேறு கரண்ட்

அந்த வேறு வழி, தலையில் வைப்பது. டி.டி.சி.எஸ். என்று சொல்கிறார்கள். வலியைக் கிளப்புவது மூளைக்குப் பக்கத்தில் என்றால் கரண்ட்டும் அங்கே போகட்டும் என்கிற எண்ணம். உப்புநீரில் நனைத்த ஸ்பாஞ்சு ஒன்றை, உடம்பின் அசைவை இயக்கும் மூளைப்பகுதிக்கு மேலே மண்டையிலும், இன்னொன்றை எதிர்ப்பக்கம் புருவத்துக்கு மேலேயும் வைத்துக் கட்டுவார்கள். 2 மில்லி ஆம்பியர், 20 நிமிஷம். 2006-இல் முதுகுத்தண்டு அடிபட்ட 17 பேரை வைத்து, இதே அளவில் ஐந்து நாள் கொடுத்துச் செய்த ஆய்வில் வலி குறைந்தது. அடிபட்டுப் பல வருஷம் ஆனவர்களிடம் பின்னால் செய்த ஓர் ஆய்வில் குறையவில்லை.

நான் ஒரு மருத்துவமனையில் பத்து நாள் போனேன். முதல் நாள் தலையில் எண்ணெய் இருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முந்தின நாள் ராத்திரியே ஷாம்பு போட்டு அலசிக்கொண்டு போங்கள். ஸ்பாஞ்சுக்குக் கீழே அரிக்கும், கொஞ்சம் தலை கனக்கும், வேறொன்றும் இல்லை. எரிச்சல் 8-லிருந்து 6-க்கு வந்து மூன்று வாரம் அங்கேயே நின்றது, பிறகு மெல்ல ஏறிவிட்டது. அந்த மூன்று வாரமும் நான் ராத்திரி தூங்கினேன். மறுபடியும் போவேன். இதை வீட்டில் பேட்டரியை வைத்துச் செய்துகொள்ள யாராவது சொல்லிக்கொடுத்தால் கேட்காதீர்கள். தலையில் உலோகம் இருப்பவர்களும் வலிப்பு வந்தவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தண்டுவடத்துக்குப் பக்கத்தில் கம்பி வைத்து, தோலுக்கு அடியில் பேட்டரி பொருத்தும் ஆபரேஷனும் உண்டு. நார்மன் ஷீலி என்ற அமெரிக்க டாக்டர் 1967-இல் தொடங்கி வைத்தது. முழுக்க அறுந்த காயத்துக்கு அது குறைவாகத்தான் கேட்கும் என்றும், ஓரளவு உணர்ச்சி மிச்சம் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்றும் என் டாக்டர் சொன்னார். லட்சக்கணக்கில் செலவு. யாராவது உங்களுக்குச் சொன்னால், முதலில் சில நாள் வெளியே மெஷின் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக வைப்பார்களா, பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா, பேட்டரி எத்தனை வருஷம், மாற்ற எவ்வளவு என்று நான்கையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

ஆறு வாரம் ஒழுங்காக வைத்து, நோட்டில் எண் இறங்கவே இல்லை என்றால் டென்ஸை நிறுத்திவிடுங்கள். உங்கள் வலி அந்த வகை இல்லை, அவ்வளவுதான். மெஷினைத் துடைத்து, இதே தேவையில் இருக்கும் இன்னொருவருக்கு முயன்று பார்க்கக் கொடுங்கள், அவரும் டாக்டரைக் கேட்ட பிறகு. பேட் மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஒருவர் தோலில் ஒட்டியதை இன்னொருவர் ஒட்டக் கூடாது.